எழுத்தும் ஏவலும்

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கேட்பதற்குச் சற்று வறண்டதாகத் தோன்றலாம். விக்கி மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளப்படும் நீட்சிகளில், கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் என்று பொறியாளர்கள் சொல்லும் குறைபாடு எவ்வாறு உண்டாகிறது, அதை எவ்வாறு அடைக்க வேண்டும் என்பதே அது. பெரும்பாலும் ஒரு வரியில் உண்டாகி, ஒரு வரியில் தீர்ந்துபோகும் குறை. ஒரு வரிக்காக ஒரு மாலைப் பொழுதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஒரு வரியை எந்த இடத்தில் எழுதுவது என்பதில்தான் கால் நூற்றாண்டாக வல்லுநர்களும் வழுக்கி விழுந்துகொண்டிருக்கிறார்கள். ஆகையால் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுவது வீண் என்று நான் கருதவில்லை.

முதலில், விக்கி என்பது எத்தகைய சாகசம் என்பதை நினைத்துப் பாருங்கள். 1995-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்கரான வார்டு கன்னிங்ஹாம், படிக்க வருகிறவர் எவராயினும் படித்த பக்கத்தையே திருத்திவிட்டுப் போகலாம் என்னும் ஏற்பாட்டோடு ஒரு தளத்தை இணையத்தில் திறந்துவைத்தார். 2001 ஜனவரி 15 அன்று விக்கிப்பீடியா பிறந்தது. தொடக்கத்தில் வேறொரு சிறிய மென்பொருளின்மீது நடந்துவந்த அந்தக் கலைக்களஞ்சியத்துக்கென்று, ஜெர்மானியரான மாக்னஸ் மான்ஸ்கே பிஎச்பி மொழியில் புதிய நிரலொன்றை எழுதினார்; 2002-இல் லீ டேனியல் குரோக்கர் அதை மறுபடியும் எழுதிச் செப்பம் செய்தார்; அதுவே பின்னர் மீடியாவிக்கி என்னும் பெயரைப் பெற்றது. 2003-இல் தொடங்கிய நம்முடைய தமிழ் விக்கிப்பீடியாவும் இதே மென்பொருளின்மீதுதான் நிற்கிறது. எத்தனையோ பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் விளையாட்டு ரசிகர் கூட்டங்களும் தத்தமக்கென வைத்திருக்கும் விக்கிகளும் இதன்மீதே நிற்கின்றன.

எவரும் எழுதலாம் என்பது இதன் அடிப்படைத் தர்மம். எவரும் என்றால் யார்? ஊரின் சரித்திரம் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதலாம். பள்ளிச் சிறுமி எழுதலாம். எழுத்துப் பிழையைக் கண்டு மனம் பொறுக்காத வழிப்போக்கர் ஒருவர் எழுதலாம். அவர்களோடு விஷமியும் எழுதலாம். விஷமி எழுதிய பொய்யைப் பிறர் அழித்துவிடுவார்கள்; பக்கத்தின் பழைய வடிவங்கள் யாவும் வரலாற்றில் பத்திரமாக இருப்பதனால், பொய்யின் ஆயுள் பல சமயங்களில் சில நிமிஷங்களே. ஆனால் விஷமி எழுதுவது பொய்யாக இல்லாமல், ஒரு கட்டளையாக இருந்துவிட்டால்? படிக்க வந்தவருடைய கணினி, அந்த எழுத்தைப் படித்துக் காட்டாமல், அதற்குக் கீழ்ப்படிந்துவிட்டால்? அங்கேதான் நம்முடைய விஷயம் தொடங்குகிறது.

வார்டு கன்னிங்ஹாம் தம் தளத்தைத் திறந்த அதே 1995-இல், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பவர், ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாட்களில் அமைத்தார். அதுவரையில் வெறுமனே படிக்கும் ஏடாக இருந்த இணையப் பக்கம், அன்றுமுதல் செயல் புரியும் யந்திரமும் ஆயிற்று. எவரும் எழுதலாம் என்னும் சுதந்திரமும், எழுத்தே ஏவலாகலாம் என்னும் சக்தியும் ஒரே ஆண்டில் பிறந்தன என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். இரண்டும் தனித்தனியே நன்மை. இரண்டும் ஒரே பக்கத்தில் சந்திக்கும்போதுதான் அபாயம்.

இதை விளக்க ஒரு நாடகக் கொட்டகையை எண்ணிக்கொள்ளுங்கள். நாடகப் பிரதியில் பாத்திரங்கள் பேச வேண்டிய வசனமும் இருக்கும். விளக்கை அணைக்க, திரையை இறக்க என்பன போன்ற குறிப்புகளும் அடைப்புக்குள் இருக்கும். வசனத்தை நடிகர் பேசுவார். குறிப்பைக் கண்டதும் திரைக்காரர் கயிற்றை இழுப்பார். இந்நாடகத்தில், சபையிலிருந்து யாரோ எழுதிக் கொடுத்த கடிதத்தைக் கதாநாயகன் படிப்பதாக ஒரு காட்சி வருகிறது. பிரதி எடுப்பவர் அக்கடிதத்தை உள்ளவாறே பிரதிக்குள் எழுதிச் சேர்க்கிறார். கடிதத்துக்குள்ளே விஷமி ஒருவன் திரையை இறக்கு என்று அடைப்புக்குள் எழுதி வைத்திருந்தால் என்ன ஆகும்? திரைக்காரர் பாவம், அவருக்கு என்ன தெரியும்? பிரதியில் அடைப்புக் குறி இருக்கிறது, கயிற்றை இழுத்துவிடுவார். குற்றம் திரைக்காரருடையதா? கடிதத்தைப் பேச்சாகவே வைத்திருக்க வேண்டியவர், பிரதி எடுத்தவர். அவர்தான் தவறினார்.

உலாவிதான் அந்தத் திரைக்காரர். எச்டிஎம்எல் என்னும் பக்க மொழியில், கணிதத்தில் ஒன்று மற்றொன்றைவிடச் சிறியது என்று காட்ட நாம் இடும் கூர்முனைக் குறி இருக்கிறதே, அதுவே கட்டளை தொடங்குகிறது என்பதற்கும் அடையாளம். பயனர் எழுதிய எழுத்தில் அக்குறி இருந்து, நிரல் அதை அப்படியே பக்கத்துக்குள் கொட்டிவிட்டால், அதற்குப் பின்னே வருவது பயனரின் பேச்சா, தளத்தின் ஆணையா என்று பிரித்தறிய உலாவிக்கு வேறு வழியே கிடையாது. ஒரு தளத்திலிருந்து வந்த நிரல் மற்றொரு தளத்தின் தகவலைத் தொடலாகாது என்று உலாவிகளில் கண்டிப்பான விதி உண்டு என்பது மெய்யே. ஆனால் இங்கே விஷமியின் நிரல், நாம் நம்பும் தளத்தின் வாயிலாகவே, அத்தளத்தின் சொந்தச் சொல்லாகவே வந்து சேர்கிறது. காவல்காரர் தம் வீட்டு மனிதரைத் தடுப்பதில்லை அல்லவா? 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மைக்ரோசாப்ட் பொறியாளர்கள் இக்குறைக்குக் கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் என்று பெயரிட்டார்கள். அவ்வாண்டு பிப்ரவரி 2 அன்று இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்காவின் செர்ட் மையம் இதைப் பற்றி உலகத்துக்கு எச்சரிக்கை விடுத்தது.

எச்சரிக்கை விடுத்தாயிற்று, உலகம் கேட்டதா? ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நடந்ததைச் சொல்கிறேன். மைஸ்பேஸ் என்னும் தளத்தில், ஒவ்வொருவரும் தம் அறிமுகப் பக்கத்தைத் தம் விருப்பம்போல் அலங்கரித்துக்கொள்ள இடம் கொடுத்திருந்தார்கள். அபாயமான சொற்களை எழுத விடாமல் வாசலிலேயே வடிகட்டியும் வைத்திருந்தார்கள். 2005 அக்டோபர் 4 அன்று சாமி காம்கார் என்னும் இளைஞர், தடைசெய்யப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் என்னும் சொல்லை நடுவே ஒரு வரி முறித்து இரண்டாக எழுதினார். வடிகட்டிக்கு அது வேறு சொல்லாகப் பட்டது. சில உலாவிகளுக்கோ அது அதே சொல்லாகப் பட்டது. அவருடைய பக்கத்தைப் பார்த்தவர்கள் தம்மையறியாமலே அவரைத் தம் நண்பராகச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த நிரல் அவர்கள் பக்கத்திலும் தன்னைப் பிரதி செய்துகொண்டது. இருபது மணி நேரத்துக்குள் பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பக்கங்களில் அது பரவிவிட்டது. நிறுவனம் தளத்தையே நிறுத்திவைத்துச் சுத்தம் செய்ய நேர்ந்தது.

இந்தச் சம்பவத்திலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? கெட்ட சொற்களுக்குப் பட்டியல் போட்டு வாசலில் நிறுத்திப் பிடிப்பது பலிக்காது என்பதையே. ஏன் பலிக்காது? கெட்ட சொல் என்று தனியே ஒரு சாதி கிடையாது. ஒரு கணிதக் கட்டுரையில் அந்தக் கூர்முனைக் குறி அவசியமான எழுத்து. நிரல் எழுதக் கற்றுத்தரும் கட்டுரையில் ஸ்கிரிப்ட் என்னும் குறிச்சொல்லே பாடம். அவற்றை வாசலில் தடுத்தால் அறிவையே தடுத்தவர்களாவோம். நச்சுத்தன்மை சொல்லில் இல்லை. அது போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் மனத்தில் இருத்திக்கொண்டால், நான் மேலே சொல்லப்போவது முழுவதும் இதிலிருந்தே கிளைத்து வரும்.

இனி நீட்சிகளுக்கு வருவோம். மீடியாவிக்கியின் மூல மென்பொருள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலருடைய கண்களால் சோதிக்கப்பட்டது. பயனர் எழுதும் விக்கி எழுத்தில் எந்த எச்டிஎம்எல் குறிச்சொற்களை அனுமதிப்பது, அவற்றில் எந்தப் பண்புகளை அனுமதிப்பது என்று கண்டிப்பான அனுமதிப் பட்டியல் ஒன்று அதில் உண்டு. பட்டியலில் இல்லாத குறிச்சொல் வெறும் எழுத்தாகவே பக்கத்தில் தெரியும். ஆனால் விக்கி நடத்துகிறவர்களுக்கு மூல மென்பொருள் மட்டும் போதுவதில்லை. ஒருவருக்கு வரைபடம் வேண்டும். ஒருவருக்கு நாட்காட்டி வேண்டும். ஒருவருக்குப் பக்கத்தைத் தாவல்களாகப் பிரித்துக் காட்ட வேண்டும். இதற்கென்றே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீட்சிகளைத் தன்னார்வலர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நீட்சி, மூல மென்பொருளின் உள்ளேயே, அதற்குச் சமமான அதிகாரத்தோடு இயங்குகிறது. புதியதொரு குறிச்சொல்லை அறிமுகப்படுத்தும் நீட்சி, தானே எச்டிஎம்எல்லைத் தயாரித்துக் கொடுக்கும்போது, மூல மென்பொருள் அதை நம்பிப் பக்கத்தில் சேர்த்துவிடுகிறது, மறுபடியும் வடிகட்டுவதில்லை. நம்பிக்கை அங்கே கைமாறுகிறது. கைமாறும் இடத்தில்தான் துளை விழுகிறது.

உதாரணம் ஒன்று சொல்கிறேன். டேபர்நியூ என்பது பக்கத்தைத் தாவல்களாகப் பிரித்துக் காட்டும் நீட்சி; பல விக்கிகளில் விரும்பிப் பயன்படுத்தப்படுவது. அதன் 3.0.0 பதிப்பிலிருந்து 3.1.1-க்கு முந்தைய பதிப்பு வரையில் ஒரு துளை இருந்ததாக 2025-இல் அறிவிக்கப்பட்டது. டேபர் என்னும் குறிச்சொல்லில் அனுமதிக்கப்பட்ட பண்பு எதுவாயினும், அதன் மதிப்பாக விஷமத்தை எழுதிவைத்தால், அது எச்டிஎம்எல்லாகவே பக்கத்துக்குள் இறங்கிவிடும். இதில் கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. அனுமதிக்கப்பட்ட பண்புகள் என்று ஒரு வரையறை இருந்தும் துளை விழுந்தது! எந்தப் பண்பு வரலாம் என்பதைச் சோதிப்பது ஒரு காரியம். வந்த மதிப்பை அது அமரும் இடத்துக்கேற்ப, ஏவலாக மாறாதபடி கட்டிவைப்பது மற்றொரு காரியம். முதற்காரியத்தைச் செய்துவிட்ட திருப்தியில் இரண்டாவது மறந்துபோவது மனித சுபாவம். 3.1.1 பதிப்பில் அது அடைக்கப்பட்டது.

சரி, அடைக்காமல் விட்டால்தான் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களும் உண்டு. பக்கத்தில் ஒரு சிறு பெட்டி தோன்றி வணக்கம் என்று சொன்னால் என்ன கெட்டுப்போயிற்று என்பார்கள். அந்தப் பெட்டி, சோதிப்பவர் தீங்கின்றிக் காட்டும் அடையாளம் மாத்திரமே. மெய்யான விஷமி பெட்டி காட்டமாட்டான். அவன் ஒரு நிர்வாகி அந்தப் பக்கத்தைத் திறக்கும்வரையில் பொறுமையாகக் காத்திருப்பான். திறந்த கணத்தில், அவன் நிரல் நிர்வாகியின் உலாவியில், நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓடும். நுழைவுக்குரிய குக்கீயை நிரல்கள் படிக்க முடியாதபடி மறைத்து வைத்திருக்கலாம்; அதனால் ஒன்றும் பயனில்லை, ஏனெனில் குக்கீயைத் திருட வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. பக்கத்தைத் தொகுக்கத் தேவையான இரகசியக் குறியீட்டை அந்நிரலே கேட்டு வாங்கும், பக்கங்களை அழிக்கும், பயனர்களைத் தடைசெய்யும், அந்த நிர்வாகிக்கு உரிமையிருந்தால், தளம் முழுமைக்கும் பொதுவான ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் தன்னை எழுதிக்கொள்ளும். அதன் பின்னர் அத்தளத்துக்கு வரும் ஒவ்வொருவருடைய உலாவியிலும் அவன் குடியேறிவிடுவான்.

அப்படியானால் எவ்வாறு அடைப்பது? இப்போது காரியத்துக்கு வருவோம்.

முதற்படி, மௌனம். துளையைக் கண்டவர் அதைத் தெருவில் கூவக் கூடாது. மீடியாவிக்கித் திட்டத்தில் பாதுகாப்புக் குறைகளை அறிவிக்கத் தனியே மறைவான வழி உண்டு. அங்கே தெரிவித்தால், திருத்தம் தயாராகும்வரையில் உரியவர்கள் மட்டுமே அதைக் காண்பார்கள். விக்கிப்பீடியாவின் சர்வர்களில் திருத்தத்தை முதலில் பொருத்திவிட்டுப் பின்னர் உலகத்துக்கு அறிவிப்பதும் வழக்கம். வெளிப்படைத்தன்மையே உயிராகக் கொண்ட ஓர் இயக்கம், சில நாட்கள் மௌனமாக இருப்பதற்கும் ஓர் ஒழுங்கை வகுத்திருக்கிறது.

இரண்டாம் படி, பின்தொடர்தல். பயனரின் எழுத்து எந்த வாயிலில் நுழைந்தது, எந்தெந்த மாறிகளில் தங்கியது, எந்த வரியில் பக்கமாக மாறிற்று என்று அதன் பிரயாணத்தைக் கடைசி வரையில் தொடர வேண்டும். இந்த வேலையை மனிதர் மட்டும் செய்ய வேண்டியதில்லை. பிஎச்பி நிரல்களை ஆராயும் ஃபான் என்னும் கருவிக்கு மீடியாவிக்கித் திட்டத்தினர் ஓர் இணைப்பை எழுதியிருக்கிறார்கள். பயனரிடமிருந்து வந்ததனால் கறைபட்டதாகக் கருதப்படும் எழுத்து எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்பதை அது வரிவரியாகத் தொடர்ந்து, கறை நீங்காமல் பக்கத்தில் விழும் இடத்தைச் சுட்டிக் காட்டிவிடும்.

மூன்றாம் படி, திருத்தம். எங்கே திருத்துவது? நுழைவாயிலிலா, வெளிவாயிலிலா? நண்பர்களே, வெளிவாயிலில்! எழுத்து பக்கமாக மாறும் கடைசிக் கணத்தில்! ஏன் என்று கேளுங்கள். ஒரே எழுத்து பல இடங்களுக்குப் போகிறது. பக்கத்தின் நடுவே போனால் கூர்முனைக் குறிக்கு மாற்றெழுத்துக் கொடுக்க வேண்டும். பண்பின் மதிப்பாகப் போனால் மேற்கோள் குறிக்கும் மாற்றெழுத்துக் கொடுக்க வேண்டும். இணைப்பின் முகவரியாகப் போனாலோ, அம்முகவரி ஜாவாஸ்கிரிப்ட் என்று தொடங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வெறும் மாற்றெழுத்து அங்கே காப்பாற்றாது. நுழைவாயிலில் நிற்பவருக்கு, இந்த எழுத்து நாளை எங்கே போய் அமரும் என்பது எப்படித் தெரியும்? வெளிவாயிலில் நிற்பவருக்குத்தான் தெரியும். அதுமட்டுமா? நுழைவாயிலில் இன்று பூட்டுப் போட்டால், நேற்றே உள்ளே வந்து சேமிப்பில் தங்கிவிட்ட எழுத்துகளை என்ன செய்வீர்கள்?

மாற்றெழுத்துக் கொடுக்கும் இச்செயலைப் பொறியாளர்கள் எஸ்கேப் செய்தல் என்பார்கள். மீடியாவிக்கியில் இதற்கு நேர்த்தியான ஏற்பாடு உண்டு. எச்டிஎம்எல்லைச் சரம் சரமாகக் கையால் ஒட்டாமல், எலிமென்ட் என்னும் செயற்கூறிடம் குறிச்சொல்லையும் பண்புகளையும் உள்ளடக்கத்தையும் தனித்தனியே ஒப்படைத்தால், அதுவே யாவற்றையும் எஸ்கேப் செய்து கொடுத்துவிடும். அதன் பக்கத்திலேயே ராஎலிமென்ட் என்று மற்றொன்று உண்டு. அது பண்புகளைப் பார்த்துக்கொள்ளும், உள்ளடக்கத்தையோ தொடாது. முந்தையதைப் போட வேண்டிய இடத்தில் பிந்தையதைப் போட்டதனால் விளைந்த துளைகள் பல. திருத்தம் என்னவென்று கேட்டால், சில எழுத்துகளை நீக்குவதுதான்!

ஆனால் அவசரத்தில் எல்லா இடத்திலும் எஸ்கேப் செய்துவிடுவதும் திருத்தமாகாது. ஒருமுறை செய்ததை மறுமுறையும் செய்தால், ஆம்பர்சாண்டும் அரைப்புள்ளியும் கலந்த அர்த்தமற்ற எழுத்துக் குப்பை வாசகரின் கண்ணில் படும். அதைக் கண்டு எரிச்சலடைந்த அடுத்த பொறியாளர், இரண்டில் ஒன்றை நீக்குவதாக எண்ணிக்கொண்டு, நீக்கக் கூடாததை நீக்குவார். துளை மறுபடியும் திறக்கும். ஒரே இடத்தில், ஒரே முறை, கடைசியில். இதுவே சூத்திரம்.

இங்கே தமிழர்களாகிய நம்மோடு நேரே தொடர்புள்ள ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். மீடியாவிக்கியின் பொத்தான்களிலும் எச்சரிக்கைகளிலும் தமிழில் தெரியும் வாசகங்கள் எங்கிருந்து வருகின்றன? டிரான்ஸ்லேட்விக்கி என்னும் தளத்தில் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தவை அவை. ஒவ்வொரு விக்கியின் நிர்வாகிகளும் அவற்றைத் தம் தளத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே அந்த வாசகமும் ஒருவர் எழுதிய எழுத்தே; நிரலாசிரியரின் எழுத்தன்று. அதைப் பக்கத்தில் சேர்க்கும் நிரலாசிரியர், டெக்ஸ்ட் என்று கேட்டு வாங்கினால் வாசகம் எஸ்கேப் செய்யப்படாமல் வரும். எஸ்கேப்டு என்று கேட்டு வாங்கினால் எஸ்கேப் செய்யப்பட்டு வரும். பார்ஸ் என்று கேட்டு வாங்கினால் விக்கி எழுத்தாக வடிகட்டப்பட்டு வரும். முதலாவதை வாங்கி நேரே எச்டிஎம்எல்லில் கொட்டுவது, நீட்சிகளில் மிகச் சாதாரணமாகக் காணும் தவறு. சிட்டிசன் என்னும் அழகான விக்கித் தோற்றத்திலும் இவ்வகைத் துளைகள் 2025-இல் கண்டுபிடிக்கப்பட்டு 3.3.1 பதிப்பில் அடைக்கப்பட்டன.

நிர்வாகிகள் மட்டுமே மாற்றக்கூடிய வாசகத்தில் துளையிருந்தால் என்ன, அவர்கள் நம்பத்தக்கவர்கள்தாமே என்று ஆட்சேபிக்கலாம். நம்பத்தக்கவர் என்பது எல்லா அதிகாரத்துக்கும் சாசனம் ஆகாது. தளம் முழுமைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் உரிமையை, 2018-இல் சாதாரண நிர்வாகிகளிடமிருந்து பிரித்து, இடைமுக நிர்வாகிகள் என்னும் சிறு குழுவுக்கே உரியதாக்கினார்கள். ஒருவருடைய கடவுச்சொல் திருடுபோனால் முழுத் தளமும் போய்விடக் கூடாது என்பதே அதன் நோக்கம். வாசகத்தின் வழியே ஸ்கிரிப்ட் நுழையுமானால், அந்தச் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும் அல்லவா?

நான்காம் படி, சோதனை. மீடியாவிக்கியின் அண்மைப் பதிப்புகளில் எக்ஸ்-எக்ஸ்எஸ்எஸ் என்று ஒரு போலி மொழி உண்டு. நிரலாசிரியர் தம் சோதனைத் தளத்தில் அம்மொழியைத் தெரிந்தெடுத்தால், ஒவ்வொரு வாசகமும் ஒரு விஷம ஸ்கிரிப்டாக மாறிவரும். எஸ்கேப் செய்யப்படாத இடம் எங்கேனும் இருந்தால், அது உடனே வாய் திறந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எதிரி வருமுன்னே எதிரியின் வேஷத்தை நாமே போட்டுப் பார்க்கும் இந்த உபாயம் வெகு சாதுரியமானது.

ஐந்தாம் படி, துப்புரவு. நிரலைத் திருத்திய பின்னும், முன்னமே தயாரித்துத் தற்காலிகச் சேமிப்பில் வைக்கப்பட்ட பக்கங்கள் பழைய நச்சோடு வாசகருக்குப் போய்க்கொண்டிருக்கும். அவற்றை நீக்க வேண்டும். பிறகு, இன்னும் ஆதரவிலுள்ள பழைய பதிப்புகளுக்கும் அதே திருத்தத்தைக் கொண்டுசேர்க்க வேண்டும். அதன் பின்னரே, குறைகளின் பொதுப் பதிவேட்டில் அதற்குரிய எண்ணைப் பெற்று, எந்தப் பதிப்பில் குறை, எந்தப் பதிப்பில் நிவர்த்தி என்று மறைக்காமல் உலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்த நாளே அபாயம் மிகுந்த நாள் என்பதையும் மறக்கலாகாது. திருத்தத்தைப் படித்தே துளையைத் தெரிந்துகொள்பவர்கள் உண்டு. எழுதிய திருத்தம் ஆயிரம் விக்கிகளைக் காக்கக் காத்திருக்கும். பொருத்திக்கொண்ட விக்கியைத்தான் அது காக்கும்.

அன்பர்களே! இவ்வளவு தொல்லை எதற்கு, எவரும் எழுதலாம் என்பதை நிறுத்திவிட்டால் போகாதா என்று கேட்கும் குரலும் எங்கேனும் எழும். அந்தக் குரலுக்கு நான் சொல்லும் பதில் இது. கூர்முனைக் குறியை ஒரு பயனர் எழுதினார் என்பதற்காக அவரைக் குற்றவாளியாக்காமல், அவர் எழுதியதில் ஓர் எழுத்தையும் அழிக்காமல், அவர் எழுதியது எழுத்தாகவே நிற்கும்படி செய்வதுதான் நான் இதுவரை வருணித்த திருத்தம். சுதந்திரத்தைக் குறைத்துப் பாதுகாப்பை வாங்கும் ஏற்பாடு அன்று இது. அனைவரும் எழுதலாம் என்பதைத் தைரியமாகச் சொல்லும் தகுதியை நமக்குத் தருவதே இதுதான்.

ஆகவே, நீட்சி எழுதும் மாணவர்களே, பிறர் எழுத்தை நீங்கள் பக்கமாக்கும் கடைசி வரிக்கு நீங்களே பொறுப்பென்று கொள்ளுங்கள். முன்னே யாரோ பார்த்திருப்பார் என்று எண்ணாதீர்கள். விக்கி நடத்தும் நண்பர்களே, உங்கள் தளத்தில் என்னென்ன நீட்சிகள் எந்தெந்தப் பதிப்பில் இருக்கின்றன என்று இன்றிரவே பாருங்கள். தேவையற்றதை நீக்குங்கள், பழையதைப் புதுப்பியுங்கள். துளையைக் காணும் கண்ணுடையவர்களே, கண்டதை உரியவரிடம் முதலில் சொல்லுங்கள். இம்மூவரும் தத்தம் கடமையைச் செய்தால், முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய பக்கத்தை முன்பின் தெரியாத மற்றொருவர் அச்சமின்றித் திறந்து படிக்கலாம்.